எலிகளின் புழுக்களும் அவற்றின் மரபு வேறுபாடும்

ஐரோப்பாக் கண்டத்தின் மேற்குப் பகுதியிலே வேலியோரங்களிலும் காடுகளிலும் வயல்வரம்புகளிலும் வாழும் காட்டுச் சுண்டெலியின் சிறுகுடலைப் பிளந்து நோக்கின், அங்கே செந்நிறமான சிறு வட்டப்புழுக்கள் குடற் சடைமுளைகளைச் சுற்றிச் சுருள் சுருளாகக் கிடத்தலைக் காணலாம். ஆண்புழு ஏறத்தாழ ஒரு சதமமீற்றர் நீளமுடையது; பெண்புழு அதனின் இருமடங்கு நீண்டது. பிரெஞ்சு அறிஞர் துயார்தென் என்பார் 1845 ஆம் ஆண்டில் இதனை விவரித்துப் பெயரிட்டார். இக்காலத்து விலங்கியலார் இதனை ஏலிக்மோசோமோயிடெசு பொலிகைரசு என வழங்குவர். பெயர் நீண்டதாயினும் புழுவின் வாழ்க்கை எளியதே. முட்டைகள் எலியின் எச்சத்தோடு வெளிப்பட்டு ஈரமண்ணிலே பொரிக்கின்றன. ஒரு வாரமளவிற் குடம்பிகள் தொற்றுந்தன்மை அடைகின்றன. மண்ணையும் இலையையும் மயிரையும் நக்கும் எலி அவற்றை விழுங்குகின்றது. விழுங்கப்பட்ட குடம்பி குடற்சுவரினுட் புகுந்து, அங்கே தோலுரித்து, எட்டு நாளளவிற் குடலுள் மீண்டு முதிர்ச்சியடைகின்றது. இடையே நத்தையோ பூச்சியோ வேண்டுவதில்லை. எலியே இதன் உலகம்.

இத்தகைய எளிய உயிரொன்றினை ஆராய்வதால் யாது பயன் என்ற வினா எழுதல் இயல்பு. மண்வழிப் பரவும் குடற்புழுக்களாற் பீடிக்கப்பட்டோர் உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்கள் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவற்றுள் ஒன்றாகிய கொளுக்கிப்புழு மேற்கூறிய எலிப்புழுவிற்கு உறவுடையது. இலங்கையின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே தென்னிந்தியாவினின்று வந்த தொழிலாளரை இரத்தமின்றி வெளிறச்செய்து வாட்டிய நோய் அக்கொளுக்கிப்புழுவினால் விளைந்ததே. அதனை ஒழித்தற்கு ஐக்கிய அமெரிக்காவின் உரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916 இல் இங்கு வேலை தொடங்கினர். மனிதன்மீது சோதனை செய்தல் ஆகாதாதலின், குடற்புழுவும் உடலின் எதிர்ப்பாற்றலும் ஒன்றோடொன்று பொருதும் முறையை அறிய விரும்பியோர் எலிப்புழுவையே நாடினர்.

ஆயின் அவர்கள் கையாண்ட புழு எது? இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. 1950 ஆம் ஆண்டையொட்டிக் கலிபோர்ணியாவிலே மான்சுண்டெலி எனப்படும் அமெரிக்க எலியொன்றின் குடலினின்று எடுக்கப்பட்ட புழு ஆய்வுகூடத்து வெள்ளெலிகளில் வளர்க்கப்பட்டது. அதன் வழித்தோன்றல்களே உலகெங்கும் ஆய்வுகூடங்களுக்குப் பகிரப்பட்டன. முதலில் அதற்கு நெமற்றோசுப்பைரோயிடெசு தூபியசு என்னும் பெயர் வழங்கியது. பின்னர் அதுவும் ஐரோப்பியக் காட்டுச் சுண்டெலியின் புழுவும் ஒன்றே எனக் கருதி இரண்டிற்கும் பொலிகைரசு என்ற ஒரே பெயரை இட்டனர். உருவத்திலே காணப்பட்ட நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டு 1972 இல் தூரெத்து தெசே அம்மையாரும் அவருடன் ஆய்ந்தோரும் ஆய்வுகூடப் புழுவைப் பேக்கெரி என்னும் துணையினமாகப் பிரித்தனர். எனினும் ஆய்வுகூடத்தார் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. ஒரே பெயரை எழுதிவந்த பழக்கம் எளிதில் மாறுமா?

உருவத்தைக் கொண்டு புழுக்களைப் பாகுபடுத்தல் எவ்வளவு கடினமென்பதை இங்கு நோக்குதல் வேண்டும். பறவைக்கு நிறமும் அலகும் உண்டு. பூவிற்கு இதழ் உண்டு. வட்டப்புழுவோ இரு முனையும் கூர்த்த ஒரு நூல். அதன் தோலின் மேலுள்ள வரம்புகளின் தொகை, ஆண்புழுவின் வாற்பையிலுள்ள கதிர்களின் அமைப்பு, புணர்முட்களின் நீளம் என்பவற்றை நுணுக்குக்காட்டியின்கீழ் அளந்தே இனம் கூறவேண்டும். இவ்வளவைகளும் ஒன்றையொன்று மருவி நிற்கும். ஒரே உருவினுள் இரண்டு மூன்று இனங்கள் மறைந்திருத்தலும் உண்டு.

இம்மறைவை நீக்கியது பரம்பரையலகுகளின் ஆய்வு. ஒவ்வொரு கலத்தினுள்ளும் டி. என். ஏ. என்னும் நீண்ட மூலக்கூறு அமைந்துள்ளது. நால்வகை மூலங்கள் அதிலே ஒரு வரிசையாய்க் கோக்கப்பட்டுள்ளன. தலைமுறை தோறும் அவ்வரிசை பெயர்த்தெழுதப்படுகையில், ஏடு பெயர்த்தெழுதுவோன் இடையிடையே ஓரெழுத்தைப் பிழைபட வரைதல்போல, அரிதாகச் சில விகாரங்கள் நேர்கின்றன. ஒரே மூலவோலையினின்று பெயர்க்கப்பட்ட ஏடுகளை ஒப்புநோக்கி, எந்த ஏடு எதன் வழியது என்று பதிப்பாசிரியர் துணிவதை ஈழத்தவர் நன்கறிவர், சி. வை. தாமோதரம்பிள்ளையின் பணி அத்தகையது. உயிரியலாரும் அவ்வாறே செய்கின்றனர். பொதுவான பிழைகளை உடையவை ஒரு குலத்தவை. பிழைகளின் தொகை மிகுந்தோறும் பிரிந்த காலம் நீண்டது. கலத்தினுள்ளே ஆற்றலை விளைக்கும் இழைமணிகளுக்கும் தமக்கென ஒரு சிறு டி. என். ஏ. உண்டு. அது தாயின் வழியாக மட்டுமே இறங்குவது. கருவிலுள்ளதைக் காட்டிலும் விரைந்து மாறுவது. ஆதலின், அண்மைக்கால வரலாற்றை அறிதற்கு அது மிக ஏற்றது.

இழைமணியின் பரம்பரையலகொன்றைக் கொண்டு காட்டுச் சுண்டெலியையும் அதன் புழுவையும் ஒருங்கே ஆராய்ந்த கட்டுரை ஒன்றை நீபர்டிங் அம்மையாரும் மிசோ முதலிய அறிஞரும் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பனிக்கட்டிக் காலத்தே வட ஐரோப்பா உறைந்து கிடந்தபொழுது, குளிரைப் பொறாத விலங்குகள் ஐபீரியா, இத்தாலி, போல்கன் ஆகிய தெற்குத் தீபகற்பங்களிலே ஒதுங்கி வாழ்ந்தன. பனி உருகிய பின்னர் வடக்கே மீண்டன. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இன்று வாழும் காட்டுச் சுண்டெலிகள் ஐபீரியாவினின்று வந்தவற்றின் மரபினவென்பது எலிகளின் பரம்பரையலகுகளால் முன்னரே அறியப்பட்டிருந்தது. புழுவின் மரபு எலியின் மரபோடு பெரும்பாலும் ஒத்துச் சென்றது. வியப்பு அதுவன்று. புழுவின் விகாரங்கள் எலியினுடையவற்றைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரைவாகத் திரண்டிருந்தன. எலியின் டி. என். ஏ. யில் ஒரே கூட்டமாகத் தோன்றியவை புழுவின் டி. என். ஏ. யிலே பிரிந்து தனித்தனியாகத் தெரிந்தன. எலி தன் பயணத்தை மறந்துவிட்டது. அதன் குடலில் இருந்த புழு மறக்கவில்லை என்று கூறினும் பொருந்தும்.

புழு ஏன் விரைந்து மாறுகின்றது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் முதலாவது தலைமுறையின் குறுமையாகும். முட்டையினின்று முட்டைவரை இப்புழுவிற்கு மூன்று வாரமளவு போதும். எலிக்கோ மாதங்கள் வேண்டும். ஏட்டை அடிக்கடி பெயர்த்தெழுதினாற் பிழையும் அடிக்கடி நேரும். இடையில் வேறு விலங்கின்றி எலியிலேயே வாழ்வதாற் புழு எலி செல்லுமிடத்திற்கே செல்லும். எலி செல்லாவிடத்திற்குத் தானும் செல்லாது. இவ்விரண்டு தன்மைகளும் ஒருங்கு கூடிய ஒட்டுண்ணியே விருந்து வழங்கியின் வரலாற்றிற்குச் சிறந்த சான்றாகும். பறவையையோ மீனையோ நாடியும் வாழும் புழுவாயின் அதன் சான்று குழம்பும்.

மீண்டும் பெயர்ச் சிக்கலுக்கு வருவோர் இதனை அறிதல் வேண்டும். 2006 இல் கேபிள் என்பாரும் பிறரும் பரம்பரையலகுகளை ஒப்பிட்டுப் பேக்கெரியும் பொலிகைரசும் வேறு வேறு இனங்களே என்று முடிவு கண்டனர். 2010 இல் பெங்கி, கரிசு என்னும் இருவர் அதனை வலியுறுத்தி எழுதினர். மறுத்தோரும் உளர். ஆய்வுகூடப் புழுவைப் பற்றிப் பல்லாண்டுகளாக எழுதப்பட்ட கட்டுரைகள் அனைத்தும் ஒரு பெயரிலே இருக்க, அதனை மாற்றுதல் படிப்போரை மயக்கும் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் ஓரளவு நியாயமுண்டு. ஆனால், காட்டுச் சுண்டெலியின் புழு ஆய்வுகூடத்து எலியில் எளிதிற் பற்றுவதில்லை என்பதை நோக்குமிடத்து, ஒரு பெயரே இரண்டிற்கும் போதுமென்றல் வசதியை உண்மையினும் மேலாகக் கொள்வதாய் முடியும். காட்டிலே கண்டதை ஆய்வுகூடத்தாலும், ஆய்வுகூடத்திற் கண்டதைக் காட்டாலும் விளக்க முற்பட்டோர், இரண்டு உயிர்களை ஒன்றெனக் கொண்டு விளக்கிவந்தனர் என்பது சிறிய செய்தியன்று.

இவ்வழக்கிற்குத் தீர்ப்பு 2023 இல் வந்தது என்னலாம். சுதீவன்சு என்பாரும் அவருடன் உழைத்தோரும் இரண்டு புழுக்களிலும் பல தனியன்களின் டி. என். ஏ. முழுவதையும் வாசித்து வெளியிட்டனர். ஒரு பரம்பரையலகையன்றி முழு ஏட்டையும் வாசித்தமையே இவ்வாய்வின் சிறப்பு. இரண்டு இனங்களும் குறைந்தது பத்து இலட்சம் ஆண்டுகளாகத் தனித்தனியே கூர்ப்படைந்து வந்தனவென்பது அதனாற் பெறப்பட்டது. ஆனால் அவ்வாய்விலே அறிஞரைப் பெரிதும் கவர்ந்தது வேறொன்றாகும்.

ஒரே இனத்துப் புழுக்கள் இரண்டினை ஒப்பிடின் அவற்றின் ஏடுகள் பெரும்பாலும் ஒத்திருக்கும். இங்குமங்கும் சில எழுத்துக்களே மாறும். இவ்வெலிப்புழுக்களிலோ ஏட்டின் சில பகுதிகள் ஒரே இனத்தினுள்ளும் மிகமிக வேறுபட்டிருந்தன. பெரும்பாலும் அமைதியாய் ஓடும் ஆற்றிலே சிற்சில இடங்களில் மட்டும் சுழி காண்பது போன்றது இது. அச்சுழிகளில் எவ்வகைப் பரம்பரையலகுகள் உள்ளன என்று நோக்கியபொழுது, எலியின் நிர்ப்பீடனத்தோடு நேரே தொடர்புகொள்ளும் புரதங்களை ஆக்குபவை அங்கே மிகுந்து காணப்பட்டன. இப்புழு தன்னைத் தாக்கவரும் படையை அடக்குதற்குப் பல புரதங்களைக் குடலினுட் சுரக்கின்றது. எலியின் உடலிலே எதிர்ப்பைத் தணிக்கும் பணியைச் செய்யும் வளர்ச்சிக் காரணியொன்றைப் போல நடிக்கும் புரதமொன்று 2017 இல் விவரிக்கப்பட்டது. அபாயக் குறியை எழுப்பும் மூலக்கூறொன்றைப் பிடித்துக் கட்டிவிடும் புரதமொன்றும் அவ்வாண்டிலேயே விவரிக்கப்பட்டது. பகைவனின் முத்திரையைத் திருடி அவன் படைக்குக் கட்டளையிடும் தந்திரம் இது. இப்புரதங்களைப் போன்று எலியோடு நேரே பொருதும் இடங்களிலேயே வேறுபாடு செறிந்திருந்தது.

இவ்வேறுபாடு எங்ஙனம் நிலைபெற்றது? எலியின் உடல், தான் அடிக்கடி சந்திக்கும் புரத வகையை இனங்கண்டு அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது. ஆகவே, பரவலாய் உள்ள வகையைத் தாங்கிய புழு அழிகின்றது. அரிதான வகையைத் தாங்கியது தப்புகின்றது. தப்பியது பெருகப்பெருக அதுவே பரவலானதாகி, அடுத்துத் தானும் தாக்கப்படுகின்றது. அதற்குள் முன்னையது அரிதாகி மீண்டும் தலையெடுக்கின்றது. இவ்வாறு துலாக்கோலின் இரு தட்டுக்களும் மாறிமாறி ஏறியிறங்க, எவ்வகையும் முற்றாக அழிந்தொழிவதில்லை. எவ்வகையும் முற்றாக வெல்லுவதுமில்லை. கொள்கையளவில் இது நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்ததே. சான்று யாதெனில், இவ்வேறுபட்ட வகைகளுட் பல பேக்கெரியிலும் பொலிகைரசிலும் பொதுவாக இருத்தலாகும். இரண்டு இனங்களும் பிரிதற்கு முன்னரே தோன்றிய வகைகள் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக இருபாலும் அழியாது காக்கப்பட்டு வந்துள்ளன. தற்செயலாய் இது நேராது. தற்செயலின் போக்கு வகைகளை ஒவ்வொன்றாய் இழப்பதேயன்றி, இத்துணைக் காலம் பேணுவதன்று.

இதனால் மருத்துவத்திற்கு வரும் கேடு தெளிவு. தடைப்பால் செய்ய முனைவோர், உடல் எளிதில் இனங்காணும் புரதத்தையே தேடுவர். ஆனால் எந்தப் புரதத்தை உடல் எளிதில் இனங்காண்கின்றதோ அதுவே பல்வகையாய்ப் பெருகி நிற்கின்றது. ஒரு வகைக்கெதிராக அமைந்த தடைப்பால் மற்றொரு வகையின்முன் பயனற்றதாகலாம். ஓர் ஆய்வுகூடத்து எலியிலே வெற்றிகண்டது ஊரிலே தோல்வியுறுவதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். இதற்கு மறுதலையாக ஒரு செய்தியை நோக்குக. செம்மறியாட்டின் இரைப்பையிலே இரத்தம் குடிக்கும் வட்டப்புழுவிற்கெதிரான தடைப்பால் ஒன்று அவுத்திரேலியாவில் 2014 இல் விற்பனைக்கு வந்தது. அது புழு சுரக்கும் புரதங்களைக் கொண்டதன்று; புழுவின் குடற்சுவரிலே மறைந்துள்ள புரதங்களைக் கொண்டது. இயற்கையில் ஆட்டின் நிர்ப்பீடனம் அப்புரதங்களைச் சந்திப்பதில்லை. தடைப்பாலால் எழுந்த பிறபொருளெதிரிகளைப் புழு இரத்தத்தோடு தானே குடித்து நலிகின்றது. சந்திக்கப்படாத புரதத்திற்கு மாறவேண்டிய நிர்ப்பந்தமும் குறைவு. ஆனால் அதற்கும் விலையுண்டு. இயற்கைத் தொற்று அவ்வெதிர்ப்பைப் புதுப்பிக்காதாகையால், தடைப்பாலை மீண்டும் மீண்டும் ஏற்றவேண்டியிருக்கின்றது.

எலிப்புழுக்களின் மரபு வேறுபாடு மனிதனை இன்னும் நேரடியாகத் தொடும் இடமொன்று உண்டு. அஃது எலியின் நுரையீரற் புழுவாகிய அஞ்சியோசுத்திரொங்கைலசு கன்ரோனென்சிசு என்பதன் வரலாறு. தென்சீனத்துக் கன்ரன் நகரின் எலிகளில் இதனைக் கண்டு 1935 இல் விவரித்தவர் சென் என்னும் சீன அறிஞர். இதன் வாழ்க்கைச் சக்கரத்தைப் பிரிசுபேனிலே மக்கெரசு அம்மையாரும் சாந்தர்சு அம்மையாரும் ஆராய்ந்து 1955 இல் வெளியிட்டனர். முதிர்ந்த புழு எலியின் நுரையீரல் நாடிகளில் வாழ்கின்றது. முதற்குடம்பிகள் மூச்சுக்குழல் வழியே ஏறி, விழுங்கப்பட்டு, எச்சத்தோடு வெளியேறி, நத்தைகளையும் ஓடில்லா நத்தைகளையும் அடைகின்றன. நத்தையைத் தின்னும் எலியிலே குடம்பி நேரே நுரையீரலுக்குச் செல்லாது. முதலில் மூளையை அடைந்து, அங்கே சில வாரங்கள் வளர்ந்து, அதன் பின்னரே நுரையீரலுக்கு இறங்குகின்றது. மனிதன் நத்தையையோ, நத்தை ஊர்ந்த பச்சிலையையோ, நன்னீர் இறாலையோ வேகவைக்காது உண்டாற் குடம்பி அவன் மூளையையும் அடைகின்றது. ஆனால் அங்கிருந்து மீள வழியறியாது அவ்விடத்தே மடிகின்றது. அதனால் மூளையுறைகள் அழற்சியுறுகின்றன. 1944 இல் தைவானிலே பதினைந்து வயதுச் சிறுவனொருவனிடம் இந்நோய் முதன்முதல் அறியப்பட்டது. 1962 இல் அவாய்த் தீவிலே நோயாளியின் மூளையினின்றே புழு எடுத்துக் காட்டப்பட்டது.

இப்புழு எங்கே தோன்றிப் பசிபிக்குத் தீவுகளை எவ்வாறு அடைந்தது என்பது பெரிய வழக்காயிற்று. அலிக்காற்றா என்னும் அறிஞர் 1966 இல் ஒரு கருத்தைக் கூறினார். ஆபிரிக்கப் பெருநத்தை 1847 இல் மொரீசியசுத் தீவினின்று கல்கத்தாவிற்குக் கொண்டுவரப்பட்டது. 1900 ஆம் ஆண்டையொட்டி அது இலங்கையை அடைந்தது. பின்னர் மலாயாவிற்கும், யப்பானியர் வழியே பசிபிக்குத் தீவுகளுக்கும் பரவியது. மழை நாளிலே வாழையையும் கீரையையும் ஒரே இரவில் அழிக்கும் இந்நத்தையை இலங்கைக் கமக்காரர் அறியாதவரல்லர். இந்துமாக்கடலின் மேற்குப் புறத்தே தோன்றிய புழு இந்நத்தையோடு கூடவே கிழக்குநோக்கிப் பயணஞ்செய்தது என்பது அலிக்காற்றாவின் கருத்து. நத்தையின் பாதையும் நோயின் பாதையும் பல இடங்களில் ஒன்றின்மேலொன்றாய்ப் படிந்தமையால் அக்கருத்துப் பலரையும் கவர்ந்தது.

பரம்பரையலகுகள் வேறு கூறின. ஓரிடத்தே நெடுங்காலம் வாழும் உயிரிலே வகைகள் பல திரளும். அங்கிருந்து சிலவே கப்பலேறிப் புதிய இடத்தை அடையின் அவற்றோடு ஓரிரண்டு வகைகளே செல்லும். பழைய தோப்பிலே பல்வகை மாமரங்கள் நிற்க, அதன் ஓரிரு கொட்டைகளைக் கொண்டு சென்று வைத்த புதுத்தோப்பில் ஓரிரு வகையே காணப்படுவதை ஒக்கும் இது. இழைமணியின் பரம்பரையலகுகளை ஆராய்ந்தபோது தாய்லாந்து, தென்சீனம் முதலிய கிழக்காசிய நாடுகளிலே புழுவின் வகைகள் மிகுந்தும், புழு புதிதாய்ப் புகுந்த நாடுகளிலே சிலவாகவும் காணப்பட்டன. பிரேசில் நாட்டில் மூன்று வகைகள் 2012 இல் அறிவிக்கப்பட்டன; அவற்றுள் ஒன்று யப்பானில் உள்ளதே. ஒருமுறையன்றிப் பலமுறை இப்புழு அந்நாட்டுட் புகுந்திருத்தல் வேண்டுமென்பது இதனாற் கருதப்பட்டது. ஆகவே இப்புழுவின் தாயகம் ஆசியாவின் கிழக்கும் தென்கிழக்குமே என்பதும், அதனை உலகெங்கும் கொண்டு சென்றவை பெரும்பாலும் கப்பல் எலிகளே என்பதும் வலுப்பெற்றன. ஆபிரிக்க நத்தை குற்றமற்றது என்பது இதன் பொருளன்று. அது புழுவைக் கொண்டுவந்த வண்டியாக இல்லாதொழியினும், வந்த புழு தங்கிப் பெருகுதற்கு வீடாயிற்று. மேலும், எங்கே மிகுதியாகத் தேடினார்களோ அங்கே மிகுதியாகக் கண்டார்கள் என்ற ஐயத்திற்கும் இடமுண்டு. தாய்லாந்தில் ஆராய்ந்த அளவிற்கு இந்துமாக்கடற் கரைகளிலும் எலிகள் ஆராயப்பட்டாலன்றி அவ்வையம் முற்றாக நீங்காது.

வகைகள் வேறாயின் நோயும் வேறாகுமோ என்பதே மருத்துவரின் வினா. தைவானிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அத்தீவின் கிழக்கேயுள்ள குவாலியன் பகுதிப் புழுவும் தெற்கேயுள்ள பிங்துங் பகுதிப் புழுவும் பரம்பரையலகுகளிலே பெரிதும் வேறுபட்டனவென 2014 இல் காட்டப்பட்டது. குவாலியன் புழு மெதுவாக வளர்வது, குறைந்த குடம்பிகளை ஈனுவது, சோதனைச் சுண்டெலிகளுக்கு விளைக்கும் கேட்டிலும் குறைந்தது. ஒரு தீவினுள்ளேயே இத்தகைய வேறுபாடு இருக்குமாயின், ஒரு நாட்டிலே நோய் தலையிடியோடு தீர்ந்து, மற்றொரு நாட்டிலே கொடியதாவதற்கு உண்ட குடம்பியின் தொகை மட்டுமே காரணமென்று துணிதல் அவசரமாகும். மூளைத் தண்டுவடப் பாயத்திலே புழுவின் டி. என். ஏ. யைத் தேடி நோயறியும் முறையும் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டே அமைதல் வேண்டும். தேடும் பகுதி வகைக்கு வகை மாறுவதாயின், புழு இருந்தும் இல்லையென விடை வரும்.

பெயர் மயக்கம் இங்கும் இல்லாமலில்லை. மலாயா எலிகளிலே கண்ட புழுவைக் கன்ரோனென்சிசு என்றே பல ஆண்டுகள் எழுதினர். 1971 இல் பைபுலயா, குரொசு என்னும் இருவர் அது மலேசியென்சிசு என்னும் தனியினமென விவரித்தனர். அண்மையில் தாய்லாந்திற் செய்த ஆய்வுகள் நிலைமை இன்னும் சிக்கலானதென்று காட்டின. உருவத்தாற் கன்ரோனென்சிசு எனக் கொள்ளப்பட்டவற்றுள்ளே மறைந்த கிளைகள் பலவுள. இழைமணியின் பரம்பரையலகைப் போன்ற பயனற்ற படிகள் கருவினுள்ளும் கிடந்து, வாசிப்போரை ஏமாற்றுதலும் உண்டென 2018 இல் எச்சரிக்கப்பட்டது. உருவம் பொய்க்கும்போது பரம்பரையலகு மெய்கூறும் என்று நம்பியோர்க்கு இது வேண்டியதோர் அடக்கம்.

இலங்கைக்கும் இவ்வழக்கிலே ஒரு பங்குண்டு. இலங்கையில் ஒருவரது கண்ணினின்று எடுக்கப்பட்ட இக்குலப் புழுவொன்றைத் தூரெத்து தெசே அம்மையாரும் இலங்கை மருத்துவரும் சேர்ந்து 1993 இல் விவரித்தனர். அவர், ஆய்வுகூட எலிப்புழுவிற்குப் பேக்கெரி எனப் பெயரிட்ட அதே அம்மையாரே. வாற்கதிரையும் புணர்முள்ளையும் அளந்து இனந்துணிவதில் அவருக்கு நிகரானோர் சிலரே. அவரும் அக்குலத்தின் பெயரை மட்டும் எழுதி, இனத்தின் பெயரைக் கூறாது விட்டார். இத்தகைய புழுக்கள் அந்நாளிற் பெரும்பாலும் போமலினிலே இடப்பட்டன. போமலின் உருவத்தை நன்கு காக்கும், டி. என். ஏ. யையோ சிதைத்துவிடும். அற்ககோலில் இட்டதாயின் அரை நூற்றாண்டு கழிந்தும் அதனை வாசித்தல் கூடும். எலிகளைப் பிடித்துப் புழுக்களைத் திரட்டுவோர் இக்காலத்தே ஒவ்வொரு புழுவின் நடுத்துண்டையும் அற்ககோலில் இட்டு, இனம் அறிதற்கு வேண்டிய தலையையும் வாலையும் தனியே கண்ணாடித் தகட்டில் ஏற்றிவைப்பது இதன் பொருட்டேயாகும்.